செமி ஆட்டோமேட்டிக் .22 ரைஃபிளில் கூடு மாட்டிக்கொண்டால்: என் அனுபவம்

என் ரைஃபிள் .22 எல்ஆர் என்ற சிறிய தோட்டா போடுவது, ஒவ்வொரு முறை சுட்டதும் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் செமி ஆட்டோமேட்டிக் ரகம். அதில் சுட்ட தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்காமல், போல்ட்டுக்கும் (முன்னும் பின்னும் ஓடிக் கூட்டை வெளியே எடுக்கும் பாகம்) தோட்டா உட்காரும் அறைக்கும் நடுவே நசுங்கி நின்றது. தோட்டா அடுக்கும் மேகசின்களுக்கு எண் எழுதி மாற்றி மாற்றிப் போட்டேன். எல்லாவற்றிலும் அதே கதை. அப்புறம் சந்தேகம் தோட்டா மேல் போனது. போட்டிருந்தது சப்சோனிக் ரகம். ஒலியின் வேகமான நொடிக்கு சுமார் 340 மீட்டருக்குக் கீழே போகிற தோட்டா அது. போல்ட்டை முழுக்கப் பின்னால் தள்ளும் தெம்பு அதற்குப் பல ரைஃபிள்களில் போதாது. அறையில் படிந்த மெழுகையும் கரியையும் துடைத்துவிட்டு அதைவிட வேகமான ஹை வெலாசிட்டி தோட்டா போட்டேன், சரியாகிவிட்டது. போல்ட்டின் ஸ்பிரிங்கை வெட்டச் சிலர் சொன்னார்கள், தொடவில்லை. பெரிய மேகசின் ஆசையும் இருந்தது. ஆனால் எத்தனை தோட்டா வரை அனுமதி என்பது நாட்டுக்கு நாடு மாறும், அதைப் பார்க்காமல் வாங்குவது வம்பு.