வங்கி பேர் சொல்லி வந்த ஃபைல்

ஞாயிறு காலை கடலூர் முதுநகரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. "சார், பேங்க்ல இருந்து பேசறேன். உங்க கேஒய்சி, அதான் அடையாளச் சரிபார்ப்பு, காலாவதி ஆயிடுச்சு, இன்னைக்கே புதுப்பிக்கலைன்னா அக்கவுண்ட் பிளாக் ஆயிடும்." ஞாயிற்றுக்கிழமை எந்த வங்கிக்காரர் இவ்வளவு அக்கறையாகக் கூப்பிடுவார்? அது அப்போது உறைக்கவில்லை. ஒரு கையில் வஞ்சிரம், மறு கையில் போன்.

வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே ஃபைல் (ஆண்ட்ராய்டு போனில் ஆப்பை நேரடியாக நிறுவும் ஃபைல்) வந்தது. ஐகானில் வங்கி லோகோ அச்சு அசலாக இருந்தது. நிறுவியதும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்துத் தொலைத்தேன். யாருக்கும் ஓடிபி சொல்லவே இல்லை, அதுவே படித்துக்கொண்டது. பத்து நிமிடத்தில் 4,900 ரூபாய் காலி.

உடனே போனை ஏரோபிளேன் மோடில் போட்டேன். மனைவியின் போனிலிருந்து, டெபிட் கார்டின் பின்புறம் இருந்த எண்ணுக்குப் பேசி கார்டையும் நெட்பேங்கிங்கையும் முடக்கினேன். கூகுளில் தேடி எடுக்காதீர்கள், அங்கேயும் போலி எண்கள் உண்டு. அடுத்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930-இல் புகார். நம் கவனக்குறைவால் பணம் போனாலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போவதற்கு வங்கிதான் பொறுப்பு என்பது ரிசர்வ் வங்கியின் 2017 விதி. அதனால் நேரம் முக்கியம்.

அப்புறம் போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, ##002# அழுத்தி, நமக்கு வரும் அழைப்புகளை வேறு எண்ணுக்குத் திருப்பிவிடும் கால் ஃபார்வர்டிங்கையும் நீக்கினேன். பாஸ்வேர்டு, யுபிஐ பின் எல்லாம் புதிது. திங்கள் காலை மஞ்சக்குப்பம் கிளையில் புகார் எண்ணோடு எழுதிக் கொடுத்தேன்.

4,900 இன்னும் வரவில்லை. மீதி தப்பியது. அன்றைய வஞ்சிரம் மட்டும் கடையிலேயே மறந்துபோனது.