குன்னூரிலிருந்து ஒரு கணக்குத் திருட்டைக் கையாள்வது

ஐப்பசி மழையில் குன்னூர்ப் பக்கம் மரம் சாய்ந்து ஃபைபர் அறுந்தால், வீட்டிலிருந்து அலுவலக வேலை பார்ப்பவரின் இணைப்பு செல்போன் டேட்டாவுக்கு மாறும். ஐபி முகவரி சென்னை என்றோ பெங்களூரு என்றோ காட்டும். அலுவலகக் கணக்குகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் உங்களுக்கு, இவ்வளவு சீக்கிரம் ஒருவர் ஊர் மாறியிருக்க முடியாது என்று சொல்லும் ‘சாத்தியமற்ற பயணம்’ எச்சரிக்கை வந்து விழும். அதை மட்டும் நம்பிக் கணக்கை முடக்காதீர்கள். லேப்டாப்பும் பிரவுசரும் பழையவைதானா என்று பாருங்கள். பயனரைப் போனில் கேளுங்கள். மெயிலில் கேட்டால் திருடனே பதில் போடுவான்.

திருட்டுதான் என்றால், பாஸ்வேர்டை மாற்றுவதோடு நிற்காதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். செஷன் டோக்கன், அதாவது ஒருமுறை உள்ளே நுழைந்தவரை மீண்டும் பாஸ்வேர்டு கேட்காமல் விடும் அடையாளம், அதற்குப் பிறகும் உயிரோடு இருக்கலாம். எல்லா செஷன்களையும் ரத்து செய்யுங்கள். அடுத்து மெயில் ஃபார்வர்டு விதிகள், புதிதாகச் சேர்ந்த ஓடிபி கருவிகள், அனுமதி பெற்ற வெளிச் செயலிகள் எல்லாவற்றையும் பாருங்கள். ‘இன்வாய்ஸ்’ என்ற சொல் உள்ள மெயில்களை ஒளிக்கும் விதி இருந்தால், குறி பணம்தான்.

லாக்கில், அதாவது யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவில், நேரம் பெரும்பாலும் யூடிசி (உலகப் பொது நேரம்). இந்திய நேரத்துக்கு 5 மணி 30 நிமிடம் கூட்டுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னின் 2022 உத்தரவுப்படி, திருட்டைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் அதனிடம் தெரிவிக்க வேண்டும். லாக்கை 180 நாள் வைத்திருக்க வேண்டும். கரண்ட் போனாலும் அந்தக் கெடு ஓடும். ரௌட்டருக்கு மினி யுபிஎஸ் மாட்டுங்கள். வாங்குமுன் அடாப்டரில் 12 வோல்ட்டா 9 வோல்ட்டா என்று பாருங்கள்.