பூட்டியும் பாழாகும் தரவு: இண்டரப்ட் நிரலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு பாயான் லெப்பாஸில், சிப்புகளைச் சோதிக்கும் ஓர் இயந்திரத்துக்கு லினக்ஸ் டிரைவர் (வன்பொருளை இயக்கும் நிரல்) எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு கணக்கு என்னை ஒரு வாரம் தூங்கவிடவில்லை. சென்சாரைக் கடந்த சிப்புகள் எத்தனை என்று திரை காட்டும் எண்ணும், தட்டுகளில் கையால் எண்ணிய எண்ணும் ஷிப்ட் முடிவில் ஒத்துப்போகாது. இரண்டோ மூன்றோ குறையும். சில நாட்களில் சரியாகவே இருக்கும், அதுதான் கொடுமை. சென்சாரை மாற்றினோம், வயரை மாற்றினோம். கடைசியில் பிடிபட்டது நான் எழுதிய ஒரே ஒரு வரி. பழுதான சிப்பை ஆபரேட்டர் எடுத்துவிட்டால் எண்ணிக்கையில் ஒன்றைக் கழிக்கும் வரி அது.

நம் கண்ணுக்கு ஒரு வரியாகத் தெரிவது அந்தப் பலகையிலிருந்த ஏஆர்எம் செயலிக்கு மூன்று வேலைகள்: நினைவகத்திலிருந்து எண்ணை எடுக்க வேண்டும், ஒன்றைக் கழிக்க வேண்டும், திரும்ப எழுத வேண்டும். எடுத்ததற்கும் எழுதுவதற்கும் நடுவே சென்சார் கூப்பிட்டால் (இந்தக் குறுக்கீட்டு அழைப்புதான் இண்டரப்ட்), செயலி கையிலுள்ளதை அப்படியே நிறுத்திவிட்டு, அதைக் கவனிக்கும் நிரலான இண்டரப்ட் ஹேண்ட்லருக்கு ஓடும். அங்கே ஒன்றைக் கூட்டி எழுதிவிட்டுத் திரும்பும். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து, பழைய எண்ணில் ஒன்றைக் கழித்து அதன் மேலேயே எழுதிவிடும். ஹேண்ட்லர் கூட்டிய சிப் மாயமாகிவிடும்.

பினாங்கின் லெபோ குயின் தெருவில், ஒரு சாப்பாட்டுக் கடையின் காலை நேரக் கூட்டத்தில் கல்லாவில் நிற்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். நோட்டில் 41 என்று இருக்கிறது. புது ஆர்டருக்காக மனத்தில் 42 ஆக்குகிறார். எழுதுவதற்குள் போன் அடிக்கிறது. போனில் வந்த ஆர்டருக்காக நோட்டைப் பார்க்கிறார், இன்னும் 41. அதை 42 ஆக்குகிறார். போனை வைத்துவிட்டு, மனத்தில் வைத்திருந்த 42ஐ எழுதுகிறார். ஆர்டர் இரண்டு, கணக்கில் ஒன்று. இரண்டையும் எழுதியவர் ஒரே ஆள் என்பதைக் கவனியுங்கள். டேட்டா ரேஸ் (ஒரே தரவை இரு ஓட்டங்கள் குறுக்கிட்டுத் தொட்டுக் குழப்புவது) என்றதும் பலரும் செயலிக்குள் தனித்தனியாக நிரலை ஓட்டும் இரண்டு கோர்கள் மோதுவதை மட்டுமே நினைக்கிறார்கள். ஒரே கோருக்குள், தன்னோடு தானே மோதுவதுதான் இண்டரப்ட் நிரலின் தனிக் குணம்.

இதைத் தெரிந்துகொண்டவர்கள் உடனே செய்யும் அடுத்த தவறு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு சாதாரண ஸ்பின்லாக்கைப் போடுவது. ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் தரவைத் தொடவிடும் பூட்டு அது; கிடைக்காதவர் கிடைக்கும் வரை அங்கேயே சுற்றிக்கொண்டு கேட்பார். நானும் அதைத்தான் போட்டேன். இயந்திரம் அன்று மாலையே உறைந்து நின்றது. சாதாரண நிரல் பூட்டைப் பிடித்திருக்கிறது; அதே கோரில் இண்டரப்ட் வருகிறது; ஹேண்ட்லர் அதே பூட்டைக் கேட்டுச் சுற்றத் தொடங்குகிறது. பூட்டை விட வேண்டியவன் ஹேண்ட்லருக்குக் கீழே நிறுத்தப்பட்டுக் கிடக்கிறான். ஹேண்ட்லர் முடிந்தால்தான் அவன் எழுவான். அவன் எழுந்தால்தான் ஹேண்ட்லர் முடியும். பூட்டைப் பிடித்தவன் வேறு கோரில் இருந்திருந்தால் அவன் வேலையை முடித்து விட்டுக்கொடுத்திருப்பான், நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. அதனால்தான் இந்தப் பிழை சோதனை மேசையில் பிழைத்து, தொழிற்சாலைத் தளத்தில் வெடிக்கிறது.

ஹேண்ட்லரும் தொடும் தரவைச் சாதாரண நிரலில் பூட்டும்போது, பூட்டுவதோடு அந்த கோரின் இண்டரப்டையும் நிறுத்த வேண்டும். லினக்ஸில் அதற்கான வழி ஸ்பின் லாக் ஐஆர்கியூ சேவ். இண்டரப்ட் முன்பு இருந்த நிலையைச் சேமித்து, விடுவிக்கும்போது அதே நிலைக்குத் திருப்பிவிடும். அதன் தம்பி ஒன்று உண்டு, ‘சேவ்’ இல்லாமல் வெறும் ஐஆர்கியூ. தட்டச்சு மிச்சம் என்று பலர் அதை எடுக்கிறார்கள். விடுவிக்கும்போது, முன்பு எப்படி இருந்தது என்று பாராமல் அது இண்டரப்டைத் திறந்துவிடும். உங்களை அழைத்த ஃபங்ஷன் ஏற்கெனவே இண்டரப்டை நிறுத்தி வேறு பூட்டைப் பிடித்திருந்தால், அதன் காவலை நீங்கள் பாதியில் பிரித்துவிட்டீர்கள். பிழை உங்கள் ஃபங்ஷனில் இருக்கும், விழுவது வேறொருவரின் தரவு. யார் எங்கிருந்து அழைப்பார்கள் என்று முழுதாகத் தெரியாத இடத்தில் ‘சேவ்’ உள்ளதையே எழுதுங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: இண்டரப்டை மட்டும் நிறுத்திவிட்டு, பூட்டே வேண்டாம் என்று இருப்பது. ஒரு கோர் மட்டும் இருந்த காலத்து நிரல்களில் இதைக் காணலாம், அன்று அது சரியும்கூட. இன்று நிறுத்தம் நிறுத்தியவரின் கோருக்கு மட்டும்தான். பக்கத்து கோர் அதே ஹேண்ட்லரை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஒரே கோருக்காகக் கட்டிய கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதி) ஸ்பின்லாக்கின் சுற்றும் பகுதியே இருக்காது, கரைந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். சிறிய ஒற்றை கோர் பலகையில் மாதக் கணக்கில் சோதித்தாலும், பூட்டு உண்மையில் வேலை செய்கிறதா என்பதை நீங்கள் சோதிக்கவே இல்லை.

ஹேண்ட்லருக்குள் தூங்கக் கூடாது, அதாவது எதற்காகவோ காத்துக்கொண்டு செயலியை விட்டுக்கொடுக்கக் கூடாது என்பதை எல்லாரும் படித்திருப்பார்கள். ஆனாலும் கிடைக்கும் வரை தூங்கவைக்கும் பூட்டான மியூடெக்ஸ், நினைவகம் கேட்கும் இடத்தில் காத்திருந்து வாங்கும் ஜிஎஃப்பி கெர்னல், பயனர் நினைவகத்துக்கு நகல் எடுத்தல் என்று தூக்கம் பல வேடங்களில் உள்ளே வருகிறது. நினைவகம் கட்டாயம் வேண்டுமென்றால் காத்திருக்காத ஜிஎஃப்பி அட்டாமிக். அது கிடைக்காமலும் போகலாம் என்று எழுதுங்கள். நீண்ட வேலையை 2009இலிருந்து லினக்ஸில் உள்ள திரெட் வகை ஹேண்ட்லருக்குத் (தூங்க அனுமதியுள்ள தனி ஓட்டம்) தள்ளிவிடுங்கள்.

வொலட்டைல் என்ற சி மொழிச் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும், ஏனெனில் பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் இதை மருந்துபோல் கற்றுக்கொடுக்கிறார்கள். மாறியின் முன் அந்தச் சொல்லைப் போட்டால் கம்பைலர் அதைச் செயலிக்குள் இருக்கும் ரெஜிஸ்டரில் பதுக்கி வைக்காமல் ஒவ்வொரு முறையும் நினைவகத்துக்குப் போகும். அவ்வளவுதான். எடு, கழி, எழுது என்ற மூன்றையும் அது ஒன்றாக்காது. நினைவகத்தில் எழுதிய இரண்டு மதிப்புகள் மற்ற கோருக்கு எந்த வரிசையில் தெரியும் என்பதற்கும் அது பொறுப்பேற்காது. ஹேண்ட்லர் முதலில் தரவை நிரப்பிவிட்டு ‘தயார்’ என்று கொடியை ஏற்றுகிறது என்று வையுங்கள். பல மடிக்கணினிகளில் உள்ள எக்ஸ்86 செயலியில் இரண்டும் எழுதிய வரிசையிலேயே தெரியும். ஏஆர்எம்மில் கொடி முன்னதாகவும் தரவு பின்னதாகவும் தெரியலாம். மடிக்கணினியில் ஓடியது பலகையில் உளறுவதற்கு இது பெரிய காரணம். இந்த வரிசையைக் காக்க, கொடியை ஸ்டோர் ரிலீஸ் என்ற எழுதும் முறையால் ஏற்றி, லோட் அக்வயர் என்ற படிக்கும் முறையால் படிக்க வேண்டும். லினக்ஸ் கெர்னலின் ஆவணங்களிலேயே வொலட்டைலைத் தவிர்க்கச் சொல்லித் தனியாக ஒரு பக்கம் இருக்கிறது.

ஹேண்ட்லருக்குள் நின்றுகொண்டு, அதே இண்டரப்டை நிறுத்தும் டிசேபிள் ஐஆர்கியூவைக் கூப்பிடாதீர்கள். ஓடும் ஹேண்ட்லர் முடியட்டும் என்று அது காத்திருக்கும், ஓடுவதோ நீங்கள்தான். காத்திருக்காத ‘நோசிங்க்’ வகை அதற்காகவே உள்ளது. பூட்டைத் தயார் செய்யும் முன் இண்டரப்டைப் பதிவு செய்வதும், டிரைவரைக் கழற்றும்போது நினைவகத்தை முதலில் விடுவித்துவிட்டு இண்டரப்டைப் பிறகு விடுவதும் வரிசைப் பிழைகள். வீட்டைக் காலி செய்த பிறகும் பழைய முகவரிக்குத் தபால் வந்துகொண்டிருக்கும்.

இங்குள்ள இயந்திரக் கட்டுப்பாட்டு வேலைகளில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. நிகழ்நேர லினக்ஸ், அதாவது ப்ரீஎம்ப்ட் ஆர்டி, 2024இல் 6.12 பதிப்பில் முதன்மைக் கெர்னலுக்குள் வந்துவிட்டது. அதை இயக்கினால் சாதாரண ஸ்பின்லாக் தூங்கும் பூட்டாக மாறுகிறது. ‘ஐஆர்கியூ சேவ்’ என்று எழுதினாலும் இண்டரப்ட் உண்மையில் நிற்காது. பெரும்பாலான ஹேண்ட்லர்களும் திரெட்டாக ஓடுவதால் பூட்டு தன் தரவைக் காக்கத்தான் செய்யும். ஆனால் இண்டரப்ட் நின்றிருக்கும் என்ற பக்கவிளைவை நம்பி, பூட்டோடு சம்பந்தமில்லாத இன்னொரு தரவையும் அந்த வரிகளுக்குள் ஒட்டிவைத்தவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஒவ்வொரு தரவுக்கும் அதன் பூட்டு எது என்று மாறியின் பக்கத்திலேயே குறிப்பு எழுதும் பழக்கம் எனக்கு இதனால் வந்தது. அந்தக் குறிப்பில் யார் தொடுகிறார், எந்தச் சூழலில் தொடுகிறார் என்பதும் இருக்கும். எந்தத் தரவைக் காக்க வேண்டும் என்று பாராமல், நிரலின் எந்த வரிகளைப் பூட்ட வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்த வரை என் பிழைகள் தீரவில்லை.

கண்ணால் தேடிக் களைக்க வேண்டாம். 2006இல் 2.6.18 பதிப்போடு வந்த லாக்டெப் என்ற பூட்டுக் கண்காணிப்புக் கருவி, பூட்டு இறுகி நிற்கும் வரை காத்திருப்பதில்லை. ஒரு பூட்டு ஒருமுறை இண்டரப்ட் திறந்த நிலையிலும், வேறொரு நேரத்தில் ஹேண்ட்லருக்குள்ளும் பிடிக்கப்பட்டதைப் பார்த்தாலே போதும், எச்சரித்துவிடும். என் உறைந்த இயந்திரத்தை அது முதல் அரை மணி நேரத்திலேயே காட்டிக்கொடுத்திருக்கும். அதைப் போடாமல் விட்டது என் தவறு. டேட்டா ரேஸைக் கண்டுபிடிக்க 2020இல் 5.8 பதிப்பில் வந்த கேசிசான் என்ற கருவி இருக்கிறது. இரண்டும் வேகத்தைக் குறைக்கும், ஆகவே சோதனைக் கெர்னலில் போடுங்கள்.

பினாங்கு மலை ரயிலில் ஒற்றைப் பாதை, இரண்டு பெட்டிகள். ஒரே கம்பிவடம் இரண்டையும் இணைத்திருப்பதால் நடுவழியிலுள்ள விலகுபாதையில் மட்டுமே அவை சந்திக்கின்றன. அமைப்பே ஒழுங்கைக் காக்கிறது. எங்கள் எண்ணிக்கையையும் கடைசியில் அப்படித்தான் மாற்றினேன். ஹேண்ட்லர் மட்டும் எழுதும் ‘வந்தவை’, ஆபரேட்டர் வழியில் வரும் நிரல் மட்டும் எழுதும் ‘எடுத்தவை’ என்று இரண்டு 32 பிட் எண்கள். ஹேண்ட்லரும் கழிக்கும் நிரலும் தத்தம் எண்ணை ஒரே இடத்திலிருந்து மட்டும் எழுதுவதால் ஒருவர் எழுதியதை மற்றவர் அழிக்க வழியில்லை. திரை இரண்டையும், ஒருமுறை மட்டும் முழுதாகப் படிக்கச் செய்யும் ரீட் ஒன்ஸால் படித்து வித்தியாசத்தைக் காட்டும். 64 பிட் எண்ணாக வைத்திருந்தால் அந்த 32 பிட் செயலி அதை இரண்டு பாதியாகப் படித்து, நடுவில் இண்டரப்ட் புகுந்து புதுக் கோளாறு வந்திருக்கலாம். எண்ணிக்கைக்குப் போட்ட பூட்டை எடுத்துவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை ஷிப்ட் முடிவில் தட்டுகளை நானே இரண்டு முறை எண்ணினேன். திரையில் இருந்ததும் அதே எண்.