ஈஸி-லிங்க் அட்டையில் பதியும் தடத்தைப் பார்ப்பதும் குறைப்பதும்

சிங்கப்பூரில் பேருந்திலும் எம்ஆர்டி ரயிலிலும் கட்டணம் செலுத்தத் தட்டும் ஈஸி-லிங்க் அட்டையையே உணவங்காடியிலும் செவன் இலெவன் கடையிலும் பலர் நீட்டுகிறார்கள். அதனால் எங்கே, எத்தனை மணிக்கு இருந்தோம் என்பதும் எவ்வளவு செலவழித்தோம் என்பதும் ஒரே அட்டை எண்ணின்கீழ் சேர்கின்றன. அந்த எண்ணோடு உங்கள் பெயர் ஒட்டிக்கொள்ளும் இடங்களைக் குறைப்பதற்கான வழிமுறை இது.

முதலில் அட்டையின் வகையைக் கண்டறியுங்கள். நிலையத்திலிருந்து வெளியேறத் தட்டும்போது திரையில் கட்டணமும் மீதித்தொகையும் தெரிந்தால், பணம் அட்டையிலேயே இருக்கிறது. தெரியாவிட்டால் அது சிம்ப்ளிகோ என்ற புதிய வகை, கணக்கு முழுவதும் வழங்கியில் (சர்வரில்) இருக்கும். பழைய வகையை நிறுத்தும் திட்டம் 2024 ஜனவரியில் பொதுமக்களின் அதிருப்தியால் கைவிடப்பட்டு, அதைக் குறைந்தது 2030 வரை தொடர 40 மில்லியன் வெள்ளி ஒதுக்கப்பட்டது. நான் பழைய வகையையே பரிந்துரைப்பேன்.

அடுத்து, அட்டையில் பதிந்திருப்பதை நீங்களே படித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு கைத்தொலைபேசியில் என்எஃப்சியை (அருகில் வைக்கும் அட்டையைப் படிக்கும் வசதியை) இயக்கி, ஃபேர்பாட் போன்ற திறந்த மூலச் செயலியைத் திறந்து, அட்டையைப் பின்புறம் வையுங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். கைத்தொலைபேசியின் உறையைக் கழற்றுங்கள், என்எஃப்சி உணரி சில கைத்தொலைபேசிகளில் கேமராவுக்கு அருகிலும், சிலவற்றில் நடுவிலும் இருப்பதால், அட்டையை மெதுவாக நகர்த்தி, அதிர்வு வந்ததும் அசைக்காமல் பிடித்திருங்கள். பாதியில் எடுத்தால் பட்டியல் முழுமையாக வராது. அண்மையில் ஏறிய பேருந்தின் எண், நிலையங்களின் சுருக்கக் குறியீடு, நேரம், தொகை ஆகியவை கடவுச்சொல் ஏதும் கேட்காமலே தெரியும். அட்டை வேறொருவர் கையில் சில நொடிகள் இருந்தால் அவரும் இதைப் படிக்கலாம் என்பதால், அதை இரவல் கொடுக்காதீர்கள்.

பிறகு பயணத்துக்கு ஓர் அட்டை, கடைகளுக்கு வேறோர் அட்டை என்று பிரித்துவிடுங்கள். பயண அட்டையில் ரொக்கமாகவே பணம் நிரப்புங்கள். வங்கி அட்டை வழியாகத் தானாக நிரம்பும் வசதி, அட்டை எண்ணை உங்கள் பெயரோடு நேரடியாகப் பிணைக்கிறது. அட்டை நிறுவனத்தின் செயலியில் அட்டையைப் பதிவு செய்வதும் அப்படித்தான். தொலைந்தால் மீதித்தொகையை மீட்பது கடினம் என்பதால், பெயரில்லாத அட்டையில் சிறு தொகையே வைத்திருங்கள்.

ஏற்கெனவே பதிவு செய்தவர்கள், 2012ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், தனியார் நிறுவனங்களிடம் தங்களைப் பற்றிய தரவையும், கடந்த ஓராண்டில் அது எவ்வாறு பயன்படுத்தப்பட்டது என்பதையும் எழுத்து மூலம் கேட்கலாம். அரசாங்க அமைப்புகளுக்கு அச்சட்டம் பொருந்தாது.

பிற்சேர்க்கை: பிள்ளைகளின் சலுகை அட்டையைப் பற்றிச் சிலர் கேட்டிருந்தார்கள். அதில் பெயர் முதலிலிருந்தே இணைந்திருப்பதால், அதைப் பயணத்துக்கு மட்டும் பயன்படுத்தச் சொல்லி, தின்பண்டம் வாங்கச் சில்லறையாகக் கொடுத்தனுப்புங்கள்.