மஞ்சள் பூ, முள்: அது நெருஞ்சிதானா?

மட்டக்களப்பில் கல்லடி, நாவலடிப் பக்கம் மணல் ஒழுங்கைகளில் சைக்கிள் ஓடுகிறவர்களுக்கு நெருஞ்சியை அறிமுகப்படுத்தத் தேவையில்லை, ரியூப் காட்டிக்கொடுத்துவிடும். சிக்கல், சலக்கடுப்புக்கு அவித்துக் குடிக்கவென்று செடி தேடிப் போகிறவர்களுக்குத்தான். மஞ்சள் பூவும் முள்ளும் உள்ள பூண்டுகள் மூன்று இருக்கின்றன: நெருஞ்சி, ஆனைநெருஞ்சி, பிரமதண்டு. மூன்றாவது நஞ்சு. பூவை விடுங்கள், முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

படி 1: நின்றபடியே பாருங்கள்

ஒரே வேரிலிருந்து நாலாபக்கமும் கொடி விட்டு, நிலத்தோடு படுத்துக் கிடந்தால் நெருஞ்சி. சதைப்பற்றான தண்டோடு கிளைத்து எழும்பினால் ஆனைநெருஞ்சி. நிமிர்ந்து நின்று, தொட இடமில்லாமல் இலையெல்லாம் முள்ளாக இருந்தால் பிரமதண்டு.

படி 2: குந்தியிருந்து இலையைப் பாருங்கள்

நெருஞ்சி இலை புளியிலை மாதிரி, சோடி சோடியாகச் சின்ன இலைகள். கணுவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இலைகளில் ஒன்று பெரிது, மற்றது சிறிது. ஆனைநெருஞ்சிக்குத் தடித்த தனி இலை, விளிம்பு நெளிந்து வெட்டுப்பட்டிருக்கும். பிரமதண்டில் சாம்பல் பூத்த பச்சை, நரம்போரம் வெள்ளை வரி. அதன் தண்டை முறித்தால் மஞ்சள் பால் வரும். மற்ற இரண்டிலும் வராது.

படி 3: காயைக் கையில் எடுங்கள்

சந்தேகம் தீருகிற இடம் இதுதான். நெருஞ்சியின் தண்டிலோ இலையிலோ முள்ளே கிடையாது, காயில் மட்டும்தான். முற்றினால் காய் ஐந்து துண்டாகப் பிரியும். ஒரு துண்டை வடிவாகப் பாருங்கள்: நீளமாக இரண்டு முள், கட்டையாக இரண்டு முள். எப்படி விழுந்தாலும் ஏதாவது ஒன்று மேலே பார்த்து நிற்கும். செருப்பின் அடியில் ஏறுவது அதுதான்.

ஆனைநெருஞ்சிக் காய் அப்படிப் பிரியாது; நாலு மூலை, மூலைக்கொரு முள். இன்னும் உறுதி வேண்டுமா? பச்சைக் கிளையொன்றை ஒரு கிளாஸ் தண்ணீரில் விட்டுக் கலக்குங்கள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கொழகொழத்துவிடும். சின்னப் பிள்ளைகளுக்குக் காட்ட நல்ல வேடிக்கை.

பிரமதண்டுக் காய் முழுக்க முள். உள்ளே கறுப்பு விதைகள், பார்த்தால் கடுகென்றே நினைப்பீர்கள். 1998 இல் டில்லியில் இந்த விதையின் எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்து, உடம்பு வீங்கி 60 பேருக்கு மேல் இறந்தார்கள். மஞ்சள் பாலைக் கண்டால் செடியைப் போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

பூவையும் பார்க்க ஆசையென்றால் காலையில் போங்கள். நெருஞ்சிக்கு ஐந்து இதழ், ஆனைநெருஞ்சிக்குக் குழல், பிரமதண்டுக்குப் பெரிய மெல்லிய இதழ்கள்.

வளவில் நெருஞ்சி வேண்டாமென்றால், மழைக்கு முளைத்துப் பூக்கத் தொடங்கும்போதே வேரோடு பிடுங்குங்கள். காய் முற்றியபின் இழுத்தால் முள்ளைத்தான் வளவெல்லாம் விதைப்பீர்கள்.