ஒன்ராறியோவில் ரிக்கற்றில் எழுத்துப் பிழை இருந்தால்: புதிதாக வந்தவர்களுக்கு

ஒன்ராறியோவில் பொலிஸார் எழுதித் தந்த போக்குவரத்து ரிக்கற்றில் பெயரோ, முகவரியோ, வாகன இலக்கமோ பிழையாக இருந்தால், "பிழை கிடக்கிறது, வழக்கு நிற்காது, பேசாமல் விட்டுவிடு" என்று சொல்வதற்கு நம்மவர்களிடையே ஆட்களுக்குக் குறைவில்லை. கலியாண மண்டபத்திலும் கோயில் வாசலிலும் உறுதியான குரலில் சொல்லப்படும் இந்த ஆலோசனையை நம்பிய என் நெருங்கிய நண்பர் ஒருவர் சாரதி அனுமதிப்பத்திரத்தையும், அதை நம்பியிருந்த வேலையையும் இழந்தார். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

முதலில், ஊர்ப் பழக்கத்தை இங்கே கொண்டுவரக் கூடாது. இலங்கையில் பொலிஸார் அனுமதிப்பத்திரத்தை வாங்கி வைத்துக்கொண்டு தண்டப் பத்திரத்தைத் தருவார்கள். 14 நாட்களுக்குள் தபாலகத்தில் காசைக் கட்டிப் பற்றுச்சீட்டைக் காட்டினால் அனுமதிப்பத்திரம் கைக்கு வந்துவிடும், விடயமும் அதோடு முடிந்துவிடும். இங்கே காசைக் கட்டுவது என்பது குற்றத்தை ஒப்புக்கொள்வது. அது குற்றத்தீர்ப்பாக உங்கள் சாரதிப் பதிவில் ஏறும். காப்புறுதி நிறுவனங்கள் பொதுவாகக் கடந்த 3 ஆண்டுகளின் பதிவைப் பார்த்தே கட்டணத்தைத் தீர்மானிக்கின்றன. வேக எல்லையை 16 முதல் 29 கிலோமீற்றர் வரை தாண்டினால் 3 தண்டனைப் புள்ளிகள், 30 முதல் 49 வரை தாண்டினால் 4 என்பதைப் பலரும் அறிவார்கள். ஆனால் காப்புறுதிக்காரர் எண்ணுவது புள்ளிகளை அன்று, குற்றத்தீர்ப்புகளை. ஆகையால் புள்ளியே இல்லாத சிறு ரிக்கற்றையும் யோசிக்காமல் கட்டிவிடாதீர்கள்.

நடைமுறை ரிக்கற்றின் பின்பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. 15 நாட்களுக்குள் மூன்றில் ஒன்றைச் செய்ய வேண்டும்: காசைக் கட்டலாம், வழக்குத்தொடுநரைச் சந்தித்துப் பேசக் கேட்கலாம், அல்லது விசாரணை கேட்கலாம். தமிழ் உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் படிவத்திலேயே அதைக் குறிப்பிடுங்கள்; அதற்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டியதில்லை. ரொறன்ரோவின் வாகனத் தரிப்பிடத் தண்டங்கள் 2017ஆம் ஆண்டிலிருந்து நீதிமன்றத்துக்குப் போகாமல் மாநகரத்தின் நிர்வாக முறையில் தீர்க்கப்படுகின்றன. அவற்றின் வழி வேறு.

இனிப் பிழைக்கு வருவோம். மாகாணக் குற்றங்கள் சட்டத்தின் 34ஆம் பிரிவு, விசாரணையின்போது குற்றச் சான்றுப்பத்திரத்தை, அதாவது பொலிஸ் அதிகாரி நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும் குற்றச்சாட்டுப் பத்திரத்தை, திருத்துவதற்கு நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. அந்தப் பிழையால் நீங்கள் உண்மையிலேயே தவறாக வழிநடத்தப்பட்டீர்களா, உங்கள் எதிர்வாதம் பாதிக்கப்பட்டதா, திருத்தினால் அநீதி நேருமா என்பவற்றை நீதவான் பார்ப்பார். உங்கள் தகப்பனாரின் நீண்ட பெயரில் இரண்டு எழுத்துகள் விடுபட்டிருப்பதால் நீங்கள் எந்தக் குற்றத்துக்கு முகங்கொடுக்கிறீர்கள் என்பது தெரியாமல் போய்விடாது. காரின் நிறம் மாறி எழுதப்பட்டிருப்பதும், வீதிப் பெயரில் ஒரெழுத்து பிசகியிருப்பதும் இப்படித்தான். 36ஆம் பிரிவோ இன்னும் இறுக்கமானது: சான்றுப்பத்திரத்தின் முகப்பிலேயே தெரியும் குறைபாட்டை, குற்றவாளியா சுற்றவாளியா என்று நீங்கள் பதில் சொல்வதற்கு முன்பே எழுப்பியாக வேண்டும்; அதன் பிறகு நீதிமன்றத்தின் அனுமதி தேவை. முன்கூட்டி எழுப்பினாலும், திருத்தத்தால் நீதி நிறைவேறாது என்றால் மட்டுமே வழக்கு இரத்தாகும்.

அப்படியானால் "பிழை இருந்தால் வழக்கு நிற்காது" என்ற கதை எங்கிருந்து வந்தது? அதற்கும் சட்டத்தில் ஒரு வேர் இருக்கிறது. ஒருவர் ரிக்கற்றுக்கு எந்தப் பதிலும் அளிக்காவிட்டால், 9ஆம் பிரிவின்படி சான்றுப்பத்திரம் முகப்பில் முழுமையாகவும் ஒழுங்காகவும் இருக்கிறதா என்று பார்க்கப்படும். இருந்தால் அவர் இல்லாமலே குற்றத்தீர்ப்பு, இல்லாவிட்டால் வழக்கு இரத்து. விதிக்கப்பட வேண்டிய தண்டத் தொகை பிழையாக எழுதப்பட்ட சான்றுப்பத்திரம் ஒழுங்கானது ஆகாது என்று, ஒன்ராறியோவிலுள்ள லண்டன் மாநகரத்தின் வழக்கொன்றில் மேன்முறையீட்டு நீதிமன்றம் 2008இல் தீர்ப்பளித்தது. தொகைப் பிழை, அதிகாரியின் ஒப்பம் இல்லாமை, குற்றத் திகதி எழுதப்படாமை போன்றவை இந்த வகையில் வரக்கூடியவை. நம்மவர்கள் இந்தத் தீர்ப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு, எல்லா எழுத்துப் பிழைக்கும் அதுவே விதி என்று பரப்பிவிட்டார்கள். போதாக்குறைக்கு, அங்கே பார்க்கப்படுவது பொலிஸ் அதிகாரி நீதிமன்றத்தில் தாக்கல் செய்த சான்றுப்பத்திரம். உங்கள் கையிலிருப்பது அதன் துணையான குற்ற அறிவித்தல் மட்டுமே. உங்கள் பிரதியில் மங்கலாக விழுந்த ஒப்பம் அங்கே தெளிவாக இருக்கலாம்.

என் நண்பரின் ரிக்கற்றை நான் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேன். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் தகப்பனாரின் பெயர் பாதியில் நின்றிருந்தது. முகவரியில் கட்டட இலக்கமும் வீதியும் சரி, வீட்டு இலக்கம் மட்டும் இல்லை. பெயர்ப் பிழையைக் கண்டு மகிழ்ந்த உறவினர்கள், விடுபட்ட வீட்டு இலக்கத்தைக் கவனிக்கவேயில்லை. அவர் பதில் அனுப்பவில்லை. அவர் இல்லாமலே குற்றத்தீர்ப்பு வந்தது. தண்டத்தைக் கட்டச் சொல்லும் அறிவித்தல் வீட்டு இலக்கம் இல்லாத காரணத்தால் அவர் கைக்கு வரவில்லை. இதற்கிடையில் அவர் வீடு மாறியும் இருந்ததால், அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்பட்ட கடிதம் பழைய வீட்டுக்குப் போனது. ஓர் இரவு முன்விளக்கு எரியவில்லை என்று நிறுத்திய அதிகாரி கணினியில் பார்த்துவிட்டுத்தான் அவருக்கு அந்தச் செய்தியைச் சொன்னார். இடைநிறுத்தப்பட்ட அனுமதிப்பத்திரத்துடன் ஓட்டுவதற்கு முதல் தடவையிலேயே 1,000 முதல் 5,000 டொலர் வரை தண்டம் உண்டு. பொதி விநியோகம் செய்து பிழைத்தவருக்கு, அடுத்த நாள் வேலைக்குப் போக வழியில்லை.

பிறகு வழக்கு மீளத் திறக்கப்பட்டு, காணொளி வழியாக விசாரணை நடந்தபோது நான் அவர் அருகில் இருந்தேன். வழக்குத்தொடுநர் பெயரைத் திருத்த அனுமதி கேட்டார், உங்களுடைய முழுப்பெயர் இதுதானா என்று நீதவான் கேட்டார், ஆம் என்றார் நண்பர், பெயர் திருத்தப்பட்டது. அத்தனை இழப்புக்கும் காரணமான பிழை அவ்வளவு இலகுவாகத் தீர்ந்துபோனதைப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

ஆகவே, முகவரியை முதலில் பாருங்கள். வீடு மாறினால் 6 நாட்களுக்குள் மாகாண அரசின் சேவை நிலையமான சேர்விஸ் ஒன்ராறியோவில் அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். வழக்கு நிலுவையில் இருந்தால் நீதிமன்ற அலுவலகத்துக்கும் தனியாக அறிவியுங்கள். ரிக்கற்றில் முகவரி குறையாக இருந்தால், விசாரணை கேட்கும் படிவத்தில் சரியான முகவரியை வீட்டு இலக்கத்தோடு எழுதுங்கள். நிலக்கீழ் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் மேல்வீட்டாரின் தபாற்பெட்டியில் விழும் கடிதம் உங்களிடம் வந்து சேரும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

உங்கள் தவறு இல்லாமல் அறிவித்தல் கிடைக்காது போய்க் குற்றத்தீர்ப்பு ஏற்பட்டிருந்தால், அதை அறிந்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வழக்கை மீளத் திறக்க விண்ணப்பிக்கலாம். எப்போது, எப்படி அறிந்தீர்கள் என்பதைச் சத்தியக் கடதாசியில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், கடித உறையைக்கூட எறிந்துவிடாதீர்கள்.

பிழை உண்மையிலேயே பாரதூரமானது என்று தோன்றினால், பதில் அளிக்காமல் இருந்து பார்ப்பதா, விசாரணை கேட்டு நின்று வாதாடுவதா என்ற முடிவைத் தனியே எடுக்காதீர்கள். முதலாவது வழி சூதாட்டம்தான், 15 நாள் கடந்த பின் அதிலிருந்து திரும்புவது கடினம். விசாரணை கேட்டால் வழக்குத்தொடுநரிடம் உள்ள சான்றுகளை, குறிப்பாக அதிகாரியின் கைக்குறிப்புகளை, எழுத்தில் கேட்டு வாங்குங்கள். திகதியோ இடமோ ரிக்கற்றில் ஒன்றாகவும் குறிப்பில் வேறாகவும் இருந்தால், அந்த முரண்பாடு அதிகாரியின் சாட்சியத்தையே தளரச் செய்யும். எழுத்துப் பிழையின் உண்மையான பயன் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. வழக்குத்தொடுநருடன் குறைந்த குற்றச்சாட்டுக்குப் பேசும்போதும் அது கைகொடுக்கும்.

வேக ரிக்கற்றில் மேலும் ஓர் ஆபத்து உண்டு. வீதியோரத்தில் அதிகாரி இரக்கப்பட்டு வேகத்தைக் குறைத்து எழுதியிருந்தால், அதையும் பிழை என்று வாதாடப் போகாதீர்கள். முன்னறிவித்தல் கொடுத்தால், விசாரணையில் உண்மையான வேகத்துக்கு உயர்த்தித் திருத்தும்படி வழக்குத்தொடுநர் கேட்கலாம் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2009இல் ஏற்றுக்கொண்டிருக்கிறது.

ஆலோசனைக்குப் பராலீகல் (சட்டத்தரணி அல்லாத, இத்தகைய வழக்குகளில் வாதாட உரிமம் பெற்ற சட்டப் பிரதிநிதி) ஒருவரை நாடுவதானால், அவர் ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்றவரா என்பதைச் சங்கத்தின் இணையப் பட்டியலில் பாருங்கள். 2007ஆம் ஆண்டிலிருந்து இந்த உரிமம் கட்டாயம். "எனக்குக் கோட்டில் ஆளைத் தெரியும்" என்பவரிடம் காசைக் கொடுக்காதீர்கள். கட்டணத்தையும், அவர் எந்தத் திகதிக்குள் என்ன செய்வார் என்பதையும் எழுத்தில் வாங்கி, ரிக்கற்றின் இரு பக்கங்களையும் படம் எடுத்து வைத்துக்கொண்ட பிறகே மூலப் பிரதியை அவரிடம் கொடுங்கள்.