சொன்னது சைட்டில் அப்படியே நடக்க: வேலூர்ப் பக்கத்துக் கட்டுமான ஆலோசனை அலுவலகங்களில் குழுவை நடத்துபவருக்கு

காட்பாடியிலோ சத்துவாச்சாரியிலோ ஐந்தாறு பேர் சேர்ந்து நடத்தும் ஸ்ட்ரக்சுரல் ஆலோசனை அலுவலகத்தில் கணக்கு தப்பாகி வரும் தலைவலியை விட, சொல் தப்பாகி வரும் தலைவலிதான் அதிகம். டிசைன் சரியாக இருக்கும், டிராயிங்கும் சரியாக இருக்கும், கம்பி மட்டும் வேறு மாதிரி கட்டியிருப்பார்கள். டிசைனர், சைட் இன்ஜினியர், மேஸ்திரி, கம்பி கட்டுபவர் என்று நாலு வாய் கடந்து போவதற்குள் சொல் எங்கேயோ திரிந்திருக்கும். அது திரியாமல் கடைசி ஆள்வரை போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பதுதான் குழுத் தலைவரின் முதல் வேலை. மேடையேறிப் பேசும் திறமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

மேஸ்திரியிடம் வேலை சொல்வது

எந்த இடம், எந்த டிராயிங், என்ன அளவு, எப்போதுக்குள், மூடுவதற்கு முன் யார் பார்க்க வேண்டும். இந்த ஐந்தும் இல்லாமல் ஒரு வேலையைச் சொல்லாதீர்கள். "பீம் ரிங்கைக் கொஞ்சம் நெருக்கமா போடுங்க" என்றால், பீம் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் அந்த வளையங்கள் எவ்வளவு நெருக்கம் என்பதை மேஸ்திரியே முடிவு செய்துகொள்வார். இப்படிச் சொல்லுங்கள்: "சி லைன்ல 2-க்கும் 3-க்கும் நடுவுல போற பீம். பில்லர் முகத்திலேர்ந்து ரெண்டு பக்கமும் 900 மில்லி வரைக்கும் 8 எம்.எம். ரிங், 100-க்கு ஒண்ணு. நடுவுல 150-க்கு ஒண்ணு. நாளைக்கு மத்தியானம் வந்து பாக்குறேன். அதுவரைக்கும் பக்கப் பலகை அடைக்க வேணாம்."

சொல்லி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்பது வீண். வயதில் மூத்த மேஸ்திரி, போன வருஷம் படிப்பை முடித்து வந்த இன்ஜினியரிடம், தன் ஆட்கள் முன்னால் "புரியலை" என்று சொல்லமாட்டார். "புரிஞ்சுது சார்" என்பது மரியாதைக்குச் சொல்லும் பதில், அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவர் வேலையை அவர் வாயால் சொல்ல வையுங்கள்:

"எங்கேர்ந்து ஆரம்பிப்பீங்க மேஸ்திரி?"

"இன்னா சார், பில்லர் கிட்டேர்ந்து நாலங்குலத்துக்கு ஒண்ணா கட்டிக்கினு வருவோம். ரெண்டடி தாண்டினா ஆறங்குலம்."

பிசகு இங்கேயே தெரிந்துவிட்டது. 900 மில்லி என்பது மூன்று அடி. அரை நிமிஷத்தில் பிடிபட்டதை, கம்பி கட்டி முடித்த பிறகு பிடித்தால் பிரித்துக் கட்ட அரை நாள் போகும், கூலிச் சண்டையும் வரும்.

அளவில்தான் அதிகம் சறுக்கும். டிராயிங் மில்லிமீட்டரில் இருக்கும், மேஸ்திரியின் கை அடி, அங்குலம், நூலில் பழகியிருக்கும். ஓர் அங்குலத்துக்கு 8 நூல், அதாவது ஒரு நூல் சுமார் 3 மில்லி. ரிங் இடைவெளி மாதிரிச் சின்ன அளவுகளை அவர் மொழியிலேயே சொல்லலாம். 100 மில்லிக்கு நாலு அங்குலம், 150-க்கு ஆறு என்பதில் பெரிய கேடு இல்லை. பில்லர் சென்டர் அளவில் மட்டும் இந்தத் தாராளம் கூடவே கூடாது. 3,300 மில்லியை வாய்வாக்கில் "பதினோரு அடி" என்று சொல்லிவிட்டால், ஒரு பில்லருக்கும் அடுத்ததற்கும் நடுவே 53 மில்லி கூடும். நாலு இடைவெளியில் 21 சென்டிமீட்டர். கடைசி பில்லர், மனை எல்லையோரம் காலியாக விட வேண்டிய செட்பேக்குக்குள் போய் நின்றிருக்கும். டேப்பின் மில்லி பக்கத்தைத் திருப்பிக் காட்டிச் சொல்லுங்கள். முதல் பில்லரிலிருந்து ஒவ்வொன்றுக்கும் கூட்டிய அளவையும் டிராயிங்கிலேயே போட்டுக் கொடுங்கள்.

கம்பி கட்டுபவர்கள் பீகார், ஒடிசா, வங்காளத்திலிருந்து வந்தவர்களாக இருந்தால், விட்டத்தையும் இடைவெளியையும் மார்க்கரால் சென்ட்ரிங் பலகை (கான்கிரீட்டைத் தாங்கும் அச்சுப் பலகை) மேலேயே எழுதிவிடுங்கள். எண் எல்லோருக்கும் பொது. அந்தக் குழுவின் தலைவரிடம் பேசும்போது மேஸ்திரியும் பக்கத்தில் இருக்கட்டும். அவரைத் தாண்டிப் பேசினால் அடுத்த நாளிலிருந்து எதைக் கேட்டாலும் "அதான் அவன்கிட்டயே சொல்ட்டீங்களே" என்பார், அதில் நியாயமும் உண்டு.

டிராயிங் மாறினால் புதியதைக் கொடுப்பது பாதி வேலைதான், பழைய தாளைக் கையோடு திரும்ப வாங்க வேண்டும். மாறின இடத்தைச் சுற்றி மேகம் மாதிரி வளைந்த கோடு, மூலையில் திருத்த எண், தேதி. பழைய பி.டி.எஃப். மேஸ்திரியின் போனில் உட்கார்ந்திருக்கும். எதிரிலேயே நீக்கச் சொல்லுங்கள்.

ரூஃப் போடும் நாள்

இந்த ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரி தாண்டுவது சகஜம். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 7861 முதல் பகுதி, 40 டிகிரிக்கு மேல் போடும் கான்கிரீட்டை வெப்பக்கால வேலை என்று தனியாகவே கணக்கெடுக்கிறது. விடியற்காலையில் ஆரம்பிக்கிற மாதிரி ஆளையும் லாரியையும் ஏற்பாடு செய்வது இதனால்தான்.

முந்தின நாள் சாயங்காலம் சைட்டிலேயே நின்றபடி கால் மணி நேரம் பேசினால் போதும். மேஸ்திரி, சைட் இன்ஜினியர், வைப்ரேட்டர் (கான்கிரீட்டை அதிரவைத்து இறுக்கும் கருவி) ஆள், சென்ட்ரிங் ஆள் நால்வரும் இருக்க வேண்டும். "எல்லாம் ரெடியா?" என்று கேட்காமல், கெட்டுப்போகக்கூடியவற்றை ஒவ்வொன்றாகக் கேளுங்கள். வைப்ரேட்டர் நின்றுபோனால் இன்னொன்று எங்கே இருக்கிறது? அடுத்த லாரி காட்பாடி ரயில்வே மேம்பால நெரிசலில் மாட்டிக்கொண்டால் எந்த இடத்தில் நிறுத்துவோம்? மழை வந்தால் தார்ப்பாய் யார் பொறுப்பு? வலிமை சோதிக்கக் கான்கிரீட் கியூப் யார் எடுப்பார்? கடைசிக் கேள்விக்கு "எடுத்துடலாம் சார்" என்று வந்தால் ஆள் பேர் வரும்வரை விடாதீர்கள். கான்கிரீட்டுக்கான ஐ.எஸ். 456 கணக்குப்படி 16 முதல் 30 கனமீட்டர் வரை 3 மாதிரிகள், 31 முதல் 50 வரை 4. ஒரு மாதிரிக்கு 28 நாள் சோதனைக்கே 3 கியூப் வேண்டும், 7 நாள் முடிவும் வேண்டுமானால் இன்னும் 3. அச்சு போதாமல் போவது அன்று காலையில்தான் தெரியவரும்.

"தண்ணி ஊத்தாதீங்க" என்று எல்லா சைட்டிலும் சொல்கிறார்கள், எல்லா சைட்டிலும் ஊற்றுகிறார்கள். காரணம் எளிது. கான்கிரீட் கெட்டியாகிவிட்டது, பம்பில் ஏறவில்லை, பின்னால் இன்னொரு லாரி நிற்கிறது. கூடாது என்று மட்டும் சொல்லி, வேறு வழி சொல்லாமல் விட்டால் ஹோஸ்தான் திறக்கும். "கெட்டியாயிட்டா லாரியை ஓரம் கட்டி எனக்குப் போன் போடுங்க. பிளான்ட் ஆளை வரச்சொல்லி, கெமிக்கல் சேக்குறதா திருப்பி அனுப்புறதான்னு பாக்கலாம்" என்று மாற்று வழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். திருப்பி அனுப்பினால் காசு யார் தலையில் விழும் என்பதையும் காண்ட்ராக்டரிடம் முன்கூட்டியே பேசி வைத்திருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றுவதே பெரும்பாலும் அந்தக் காசுப் பயத்தில்தான்.

வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை யாருக்கு? சைட்டில் உள்ள கடைசி உதவியாளருக்கும் உண்டு என்று தலைவர் வாயால், எல்லோர் முன்னிலையிலும் சொல்லப்பட வேண்டும். பலகையைத் தாங்கும் முட்டு சரிவதை முதலில் பார்ப்பவர் கீழே நிற்கும் சென்ட்ரிங் ஆள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் வேலை எடுப்பவர்களுக்கு இது இரண்டு மடங்கு முக்கியம். 2015 ஜனவரி 31-ல் ராணிப்பேட்டை சிப்காட்டில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் உட்பட 10 பேர் இறந்தார்கள். சுவரில் புதிய ஈரமோ விரிசலோ கண்டால் பார்த்தவர் யாரிடம் சொல்ல வேண்டும், அவர் எத்தனை மணிக்குள் வந்து பார்க்க வேண்டும், அதுவரை சுவரோரம் யாரும் நிற்கக் கூடாது என்று எழுதி ஒட்டுங்கள். கழிவுத் தொட்டிக்குள் ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அளவு கூடினால் மூக்குக்கு வாசனையே தெரியாமல் போய்விடும். ஆகவே "நாத்தமே இல்ல சார், இறங்கலாம்" என்ற பேச்சுக்கு அங்கே இடமே கிடையாது. வாயு அளக்கும் கருவியின் எண்ணைப் பார்த்து, எழுதி, கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஆள் இறங்க வேண்டும்.

ஓனரிடம் கெட்ட செய்தி சொல்வது

இதைத் தள்ளிப்போடாதவர்கள் குறைவு. எம் 25 கான்கிரீட்டின் (28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் வலிமை வர வேண்டியது) கியூப் முடிவு 20 என்று வந்திருக்கிறது. ஓனர் கிரகப்பிரவேசத்துக்கு நாள் பார்த்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்த ரிப்போர்ட்டைத் திங்கள்வரை மேஜையில் வைத்திருந்தால், அதற்குள் லேப் பையனோ மேஸ்திரியோ சொல்லி அவருக்குத் தெரிந்திருக்கும். அதன்பிறகு நீங்கள் சொல்லும் சரியான தகவலையும் அவர் சந்தேகத்தோடுதான் கேட்பார்.

அன்றைக்கே சொல்லுங்கள். முதலில் நேரிலோ போனிலோ, அப்புறம் மெயிலில். சொல்லும் வரிசை முக்கியம்: நடந்தது, இதுவரை தெரிந்தது, இன்னும் தெரியாதது, அடுத்து செய்யப்போவது, அதற்காகும் நாளும் பணமும். உதாரணமாக: "ஐயா, முதல் மாடி ரூஃப் கியூப் 25 வரணும், 20 தான் வந்திருக்கு. கியூப் எடுத்ததுல கோளாறா, கான்கிரீட்லயே கோளாறான்னு இன்னும் தெரியலை. அந்த ரூஃப்ல மூணு இடத்துல கோர் வெட்டி டெஸ்ட் பண்ணணும். முடிவு வர்ற வரைக்கும் அது மேல செங்கல், மணல் எதுவும் ஏத்த வேணாம், கீழ நிக்கிற முட்டுகளையும் எடுக்க வேணாம்." ஐ.எஸ். 456 படி, மூன்று கோர்களின் (போட்ட கான்கிரீட்டிலிருந்து துளைத்தெடுக்கும் உருளைத் துண்டுகள்) சராசரி கியூப் வலிமைக்கு மாற்றிப் பார்க்கையில் 85 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த ஒரு கோரும் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. எம் 25-க்கு அது 21.25-ம் 18.75-ம். இந்த இரண்டு எண்களையும் சோதனைக்கு முன்பே அவரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். முடிவு வந்த பிறகு கொடுத்தால், பாஸ் பண்ணுவதற்காகக் கோட்டை நகர்த்தியதாகத் தோன்றும்.

"கவலைப்படாதீங்க, ஒண்ணும் ஆகாது" என்ற சொல் வாயில் வரவே கூடாது. அது உங்களுக்கும் தெரியாது. காண்ட்ராக்டரைக் குற்றம் சொல்வதும் அன்றைக்கு வேண்டாம், தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத்தில் வைத்தால் பின்னால் உங்கள் மேலேயே திரும்பும். இன்னொன்று, 7 நாள் முடிவைப் பார்த்துப் பதறும் ஓனர்களும் உண்டு. பி.பி.சி. (போஸலானா கலந்த) சிமெண்டில் ஆரம்ப வலிமை மெதுவாகத்தான் ஏறும். இதை முதல் கியூப் எடுக்கும் அன்றே சொல்லிவைத்தால் பாதிப் போன்கால்கள் வராது.

ஜூனியர்கள்

சைட் இன்ஜினியரை மேஸ்திரி முன்னால் திருத்தாதீர்கள். தப்பு உடனே நிற்க வேண்டியதாக இருந்தால் வேலையை நிறுத்துங்கள், ஆளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுங்கள், பிறகு திருத்தின உத்தரவை அவரே போய்ச் சொல்லட்டும். நீங்களே சொன்னால் அன்றோடு அந்தப் பையன் சொல்லோ பெண் சொல்லோ அந்த சைட்டில் எடுபடாது. பெண் இன்ஜினியர்கள் விஷயத்தில் இது இன்னும் கூர்மை. "சார் வரட்டும், கேட்டுக்கறோம்" என்று மேஸ்திரி சொன்னால், "மேடம் என்ன சொன்னாங்களோ அதான்" என்று போனில் ஒரே வரி. முழுசாக நீங்கள் விளக்கப் போனால் மேடம் சொன்னதற்கு மதிப்பில்லாமல் போகும்.

எதை அவரே முடிவு செய்யலாம், எதற்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். முட்டு எடுக்கும் நாள் நல்ல உதாரணம். ஓ.பி.சி. (சாதாரண போர்ட்லேண்ட்) சிமெண்டுக்கு ஐ.எஸ். 456 சொல்வது: ரூஃபின் ஸ்பான் (தாங்கும் இரு முனைகளுக்கு நடுவே உள்ள தூரம்) 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14. பீம் ஸ்பான் 6 மீட்டர் வரை 14, அதற்கு மேல் 21. வேறு சிமெண்டானால் அதற்கேற்ப மாற்ற வேண்டும். இந்த அட்டை கையில் இருந்தால், பலகை வாடகை ஏறுகிறது என்று காண்ட்ராக்டர் நச்சரிக்கும்போது ஜூனியர் தானே "முடியாது" என்று சொல்லலாம். பில்லரில் துளை போடுவது, கம்பி விட்டத்தை மாற்றுவது, பீமுக்குள் பைப் விடுவது இவை எல்லாம் போன் செய்தே ஆக வேண்டியவை.

டிராயிங் சரிபார்க்கும்போது சரியானதை மஞ்சளாலும் திருத்தத்தைச் சிவப்பாலும் குறியுங்கள். எதைப் பார்த்தோம், எதைப் பார்க்கவே இல்லை என்பது மஞ்சளால்தான் தெரியும். சிவப்பை மட்டும் போட்டுக் கொடுப்பவரின் ஜூனியர் கடைசிவரை ஊகித்துக்கொண்டே இருப்பார்.

வாட்ஸ்அப்பும் கடிதமும்

படம் அனுப்ப வாட்ஸ்அப்பை மிஞ்ச ஒன்றில்லை. முடிவு சொல்ல அது உதவாது. குரல் பதிவில் வந்த உத்தரவை ஆறு மாதம் கழித்துத் தேடி எடுக்க முடியாது. சைட்டில் வாயால் எடுத்த முடிவுகளை அன்று இரவே நாலு வரி மெயிலாகப் போடுங்கள்: என்ன, யார், எந்தத் தேதிக்குள். கடைசியில் "மாற்றம் இருந்தால் இரண்டு நாளில் தெரிவிக்கவும்" என்று ஒரு வரி.

"சின்ன மாத்தம்தான் சார், ஒரு ரூமைத் தள்ளிப் போடணும்" என்று ஓனர் சொல்லும் இடத்தில்தான் ஆலோசனை அலுவலகங்கள் காசை விடுகின்றன. அந்தச் சின்ன மாற்றத்தில் பில்லர் நகரும், கடக்கால் அளவு மாறும், கணக்கு முழுசாகத் திரும்ப ஓடும். முதல் நாள் கொடுக்கும் கட்டணக் கடிதத்தில் எத்தனை திருத்தம், எத்தனை சைட் விசிட் அடக்கம், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு, 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்பவை இருக்க வேண்டும். மாற்றம் கேட்கும்போது மறுப்பு சொல்லத் தேவையில்லை. "பண்ணிடலாம் ஐயா. கடிதத்துல மூணு திருத்தம் போட்டிருக்கோம், இது நாலாவது. இன்னிக்கு சாயங்காலம் தொகையும் நாளும் எழுதி அனுப்புறேன், நீங்க சரின்னதும் ஆரம்பிக்கிறோம்." அவர் "சரி" என்று எழுதி அனுப்பும்வரை டிராயிங்கைத் திறக்காதீர்கள்.